பிடிப்பதும் விடுவதும்: பனிச்சறுக்குப் பலகைக்குக் காற்கட்டுப் பூட்டும் முறை



கட்டுதல் என்பது மனிதன் கற்ற தொழில்களுள் மிகப் பழையது. நம் கடற்கரை மக்கள் மரங்களைச் சேர்த்துக் கயிற்றாற் பிணைத்து ஒரு கலத்தை ஆக்கினர். அதற்குக் கட்டுமரம் என்று பெயரும் இட்டனர். அப்பெயர் சிறிது உருமாறி ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இன்று வழங்குகிறது. வயற்புறத்திலோ எருதை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு உண்டு. இவ்விரு கட்டுகளையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கட்டானது இறுகப் பிடிக்க வேண்டும். வேண்டிய வேளையில் விடவும் வேண்டும். கரை சேர்ந்த கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து உலரவிடுவர். இடறி விழுந்த எருதின் கழுத்துக் கயிறு விரைந்து கழலாவிடின் அவ்வாயில்லாப் பிராணியின் உயிருக்கே மோசம் நேரும்.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டும் கட்டு ஒன்று, நாம் கண்ணாற் காணாத பனி நாடுகளில் உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். நோர்வே, சுவிற்சர்லாந்து, கனடா முதலிய நாடுகளில் மக்கள் காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனியின்மேற் சறுக்கிச் செல்கின்றனர். அப்பலகையை ஸ்கீ என்பர். பிளந்த மரத்துண்டு என்னும் பொருளுடைய பழைய வடபுலச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. பலகையையும் காலணியையும் இணைக்கும் பொறியை நோர்வே மொழியிற் குறிக்கும் சொல்லுக்கும் நேர்ப்பொருள் கட்டு என்பதே. ஆகவே அதனைக் காற்கட்டு என்று நாம் அழைக்கலாம். காற்கட்டு என்றதும் வீட்டிலுள்ள பெரியோர் மணப்பேச்சென்று எண்ணிவிட வேண்டா. இது பலகைக்கும் பாதத்துக்கும் நடக்கும் மணம். இம்மணத்தில் வேண்டும்போது பிரிவும் எளிதாக அமைதல் வேண்டும்!

நுவரெலியாவில் விடியற்காலையிற் புல்நுனியில் உறையும் வெண்மையை அன்றி வேறு பனியறியாத நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் கல்முனையிலும் பனி விழுவதில்லை, உண்மை. ஆனால் நம் உறவினர் பனி விழும் நாடுகளில் வாழ்கின்றனர். 1956ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து அன்ரனி இராஜேந்திரம் நோர்வே சென்று அங்கு மீன்பிடித் தொழில் பயின்றார். அவருடைய முயற்சியால் 1967இல் காரைநகரில் சீநோர் நிறுவனம் தோன்றியது. பின்னர் கல்விக்காகச் சிலரும், 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின் அடைக்கலம் தேடிப் பலரும் அந்நாட்டை அடைந்தனர். நோர்வே மக்கள் காலிற் பலகையோடு பிறப்பவர்கள் என்று அந்நாட்டார் தம்மைத் தாமே சொல்லிக்கொள்வர். அங்குள்ள பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகளைச் சறுக்கலுக்கு அழைத்துச் செல்வதற்கென்றே நாள் ஒதுக்குவர். நம் பேரப்பிள்ளையும் அந்நாளிற் பலகையோடு நிற்றல் வேண்டும். புதிய பலகை வாங்கப் பொருள் மிக வேண்டும். பிறர் பயன்படுத்திய பலகை மலிவாகக் கிடைக்கும். அதற்குக் காற்கட்டைத் தந்தையே வீட்டிற் பூட்டிவிடலாமா? இவ்வினாவுக்கு விடை கூறுவதற்கு முன் கட்டின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

நோர்வேயின் வடபகுதியில் ரோடோய் என்னும் தீவிற் சறுக்குப் பலகையின்மேல் நிற்கும் மனிதன் பாறையிற் செதுக்கப்பட்டிருந்தான். அச்சித்திரத்தின் வயது ஏறத்தாழ 4000 ஆண்டு என்பர். ஆயினும் நெடுங்காலமாகக் காற்கட்டு என்பது விரல்களுக்கு மேலே செல்லும் ஒரு தோல் வாராகவே இருந்தது. பாதம் அதனுள் நுழைந்து நிற்கும், குதிகால் தளர்ந்தாடும். சமவெளியில் நடப்பதற்கு அது போதும். சரிவில் இறங்கிக் குதித்தால் பலகை ஒருபுறமும் மனிதன் ஒருபுறமுமாகச் செல்வர்.

தெலமார்க் மாவட்டத்து மோர்கெடால் என்னும் சிற்றூரில் 1825இற் பிறந்த சோன்ற நூர்ஹைம் என்னும் ஏழை உழவர், முறுக்கிய இளங்கொப்புகளால் வளையம் செய்து குதிகாலையும் சுற்றிப் பிணைத்தார். கொப்பு வளைந்து கொடுக்கும், அறுந்தும் போகாது. பலகை காலோடு ஒட்டி நின்றமையால் அவர் திரும்பவும் குதிக்கவும் வல்லவரானார். 1868இல் இன்றைய ஒஸ்லோவாகிய கிறிஸ்தியானியாவில் நடந்த போட்டியில், நாற்பது வயதைக் கடந்த அவ்வுழவர் இளைஞரை வென்று ஊரை வியக்கவைத்தார். அவரும் பிற்காலத்திற் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897இல் அங்கேயே காலமானார் என்பது நம்மவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கொப்புக்குப் பின் இரும்பு வந்தது. 1894இல் ஹுயிட்பெல்ட் என்பவர் விரற்பகுதியை இருபுறமும் அணைக்கும் இரும்புத் தகட்டை அமைத்தார். 1927இல் புறூர் வித் என்பவர், காலணியின் முன்விளிம்பை மூன்று முளைகளின்மேல் வைத்து அழுத்தும் சிறு பொறியைச் செய்தார். அதன் பெயர் ரொட்டபெல்லா, அதாவது எலிப்பொறி! விரல்நுனி மட்டும் பிடிபட, குதிகால் எழுந்து தாழும் அவ்வமைப்பே இன்றைய நடைச்சறுக்குக் கட்டுகளுக்கு முன்னோடியாகும்.

இதுவரை கட்டு பிடிக்கக் கற்றது. விடக் கற்றது அதன் பின்னரே. நோர்வேயிலிருந்து அமெரிக்கா சென்ற ஹல்மார் ஹ்வாம் என்னும் சறுக்கு வீரர் 1937இற் கால் முறிந்து மருத்துவமனையிற் கிடந்தார். பாதம் இரும்பிற் பூட்டப்பட்டிருக்க, பலகை பனியிற் சிக்கித் திரும்பினால், இரண்டிற்கும் இடைப்பட்ட எலும்பே முறிய வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். அளவுக்கு மீறிய முறுக்கு ஏற்பட்டால் தானாகவே திறந்து பாதத்தை விடுவிக்கும் முனைக்கட்டு ஒன்றை அப்படுக்கையிலேயே சிந்தித்து வகுத்தார். இன்று மலைச்சரிவிற் சறுக்குவோர் அணியும் கட்டுகள் யாவும் அக்கருத்தின் வழிவந்தவையே. இத்தகைய கட்டுகள் செம்மையுற்ற 1970களிலிருந்து முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பு முறிவுகள் பெரிதும் குறைந்தன. முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார்களை மட்டும் அவை அவ்வளவாகக் காக்கவில்லை.

எனவே காற்கட்டு இருவகைப்படும் என அறிக. ஒன்று நடைச்சறுக்குக் கட்டு. இதிற் காலணி மென்மையானது, விரல்முனை மட்டுமே பூட்டப்படும், குதிகால் கட்டற்றது. மற்றொன்று மலைச்சறுக்குக் கட்டு. இதிற் காலணி கணுக்காலுக்கு மேலும் உயர்ந்த கடினமான ஓடு. விரற்பகுதி, குதிகால் இரண்டும் பூட்டப்படும். பெருவிசை வந்தால் மட்டும் அவை திறக்கும். முன்னதை, நிதானமும் அளவுகோலும் உள்ள எவரும் வீட்டிற் பூட்டலாம். பின்னதைப் பூட்டலாகாது. ஏன் என்பதைப் பின்னர் கூறுவேன். முதலில் நடைச்சறுக்குக் கட்டைப் பூட்டும் முறையைக் காண்போம்.

முதற்கண் பலகையின் இயல்பை அறிய வேண்டும். பழைய பலகைகள் மரத்தாலானவை. இக்காலத்துப் பலகைகளில் மரமோ நுரைப்பொருளோ நடுவில் இருக்க, அதனைக் கண்ணாடியிழையும் பிசினும் போர்த்தியிருக்கும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் நிற்கும் பைபர் படகுகளும் இப்பொருளால் ஆனவையே. படகின் பின்பலகையில் இயந்திரத்தைப் பூட்டும் மீனவர், துளையிட்ட இடத்திற் பிசின் தடவாமல் விடுவதில்லை. விட்டால் நீர் துளைவழியே புகுந்து உள்ளிருக்கும் மரத்தை உக்கச் செய்யும். ஒருநாள் நடுக்கடலில் இயந்திரம் ஆட்டங்காணும். சறுக்குப் பலகைக்கும் இதுவே விதி. அங்கே மற்றுமொரு பகையும் உண்டு. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருமன் கூடும். துளையிற் புகுந்த நீர் உறைந்து விரிந்து பலகையை உள்ளிருந்தே பிளக்கத் தொடங்கும்.

இரண்டாவது, இடம் குறித்தல். பலகையை ஓர் அடிமட்டத்தின் விளிம்பின்மேற் குறுக்காக வைத்து, தராசுக்கோல் போல இருபுறமும் சமமாக நிற்கும் இடத்தைக் காண வேண்டும். அது சமநிலைப் புள்ளி. காலணியின் முனையிலுள்ள உலோகக் கம்பி, அல்லது பழைய வகையாயின் மூன்று முளைகளின் வரிசை, அப்புள்ளிக்கு நேர்மேலே அமைவது பொது வழக்கு. அவ்வாறு அமைந்தால் காலைத் தூக்கும்போது பலகையின் நுனி தாழவும் மாட்டாது. மிக உயரவும் மாட்டாது. இரு பலகைகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கட்டை இன்னும் பூட்டாத வெறும் பலகையில் இதனைச் செய்க.

மூன்றாவது, நடுக்கோடு. பலகையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, முன்னும் பின்னுமாக ஈரிடங்களில் அகலத்தை அளந்து, பாதியைக் குறித்து, அப்புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்க வேண்டும். கண்மதிப்பை நம்பலாகாது. பாதம் சிறிது கோணலாக நின்றால் சறுக்குபவர் ஒவ்வோர் அடியிலும் பலகையை நேராக்கப் போராடுவார், மாலையில் முழங்கால் நோகும், காரணம் விளங்காது.

நான்காவது, துளைகளின் இடம். கட்டைச் செய்வோர் துளைகள் குறித்த ஒரு தாட்படிவத்தை உடன் தருவர். அச்சிட்டு எடுத்த படிவமாயின், அதிற் குறித்த அளவுக்கோட்டை முதலில் அடிமட்டத்தால் அளந்து சரிபார்த்தல் அவசியம். அச்சுப்பொறி தாளுக்கு ஏற்றவாறு படத்தைச் சிறிதாக்கிவிடும். அதனை நம்பித் துளைத்தால் ஒரு துளையும் கட்டோடு பொருந்தாது. மூன்று முளைக் கட்டுகளில் இடக்கால், வலக்கால் என்னும் வேறுபாடும் உண்டு. ஆதலாற் காலணியைக் கட்டில் மாட்டி, பலகையின்மேல் வைத்து, குதிகால் நடுக்கோட்டின்மேல் விழுகின்றதா என்று நோக்கிய பின்னரே துளைக்கத் துணிய வேண்டும்.

ஐந்தாவது, துளைத்தல். ஊசிமுனையாற் சிறு குழி இட்டால் துறப்பண அலகு வழுக்காது. பல பலகைகளுக்கு 3.6 மில்லிமீற்றர் அலகு பொருந்தும். உள்ளே உலோகத் தகடு உள்ளவற்றுக்கு 4.1 மில்லிமீற்றர் அலகு வேண்டும். எது வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பலகையின் மேற்புறத்திலேயே பொறித்திருப்பர். ஆழமே இங்கு முதன்மையானது. கட்டின் அடிப்புறத்திலிருந்து திருகாணி எவ்வளவு நீண்டு நிற்கின்றது என்று அளந்து, அதனினும் சற்று மிகுதியாக அலகின்மேல் ஓர் அடையாளப் பட்டையைச் சுற்றுக. மேலும் இறங்காமல் தடுக்கும் வளையம் இருப்பின் மிக நன்று. பலகை மெல்லியது. ஒரு கணக் கவனக்குறைவால் அலகு அடிப்புறத்தைத் துளைத்துவிடலாம். துளைக்காவிடினும் அடியிற் புடைப்பை உண்டாக்கலாம். பின்னர் அப்பலகை வழுக்கவேண்டிய இடத்தில் உராயும். அலகு செங்குத்தாக நிற்கின்றதா என்று வேறொருவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வது நல்ல துணை.

ஆறாவது, திருகாணியைப் பூட்டுதல். துளையிலுள்ள தூளை அகற்றி, நீர் புகாத பசையில் ஒரு துளியை விட்டு, திருகாணியைக் கையாற் செலுத்துக. மின்பொறியின் வேகம் இதற்கு ஆகாது. திருப்புளியைத் தேர்தலிலும் கருத்து வேண்டும். இத்திருகாணிகளின் தலை கூட்டற்குறி போலத் தோன்றும். உற்று நோக்கினால் அக்குறியின் இடையே மெல்லிய நான்கு கோடுகள் காணப்படும். அதற்குரிய திருப்புளி வேறு. சாதாரணத் திருப்புளியை இட்டால் அது நழுவித் தலையைச் சிதைக்கும். ஒன்றை முற்றாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாமல், எல்லாவற்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. கட்டு பலகையோடு படிந்து, திருகாணி நின்றதும் கை நிற்க வேண்டும். அதற்கு மேலும் முறுக்கினால் மரி உள்ளிருக்கும் மரத்தை அரைத்து, திருகாணி வெறுமனே சுழலும். நம் வீட்டுக் கதவுப் பிணைச்சலில் அவ்வாறு நேர்ந்தால் தீக்குச்சியைச் செருகிச் சமாளிப்போம். ஓடும் பலகையில் அச்சமாளிப்புச் செல்லாது. துளையை உரிய அடைப்பாலும் பசையாலும் முற்றாக மூடி, ஒரு விரல் அகலமேனும் தள்ளிப் புதுத்துளை இடுவதே முறை.

ஒரிரவு உலரவிட்டபின் வீட்டுக் கம்பளத்தின்மேற் காலணியைப் பூட்டியும் கழற்றியும் பார்த்தால் வேலை நிறைவுற்றது. துளையிடாமலே கட்டைத் தள்ளிப் பொருத்தும் தகடுள்ள பலகைகளும் இப்போது உண்டு. அவற்றை வாங்கியவருக்கு மேற்கூறிய தொல்லை பெரும்பாலும் இல்லை.

இனி மலைச்சறுக்குக் கட்டுக்கு வருவோம். திருகாணி பூட்டும் கை அதற்கும் போதும் என்று சிலர் நினைப்பர். துளையிடும் வேலை ஏறக்குறைய ஒன்றே என்பதை நானும் மறுக்கவில்லை. வேறுபாடு துளையில் இல்லை. கட்டு எப்போது விடவேண்டும் என்னும் அளவிலேயே உள்ளது. ஓர் ஆளின் உயரமுள்ள பலகை நீண்ட நெம்புகோலாகும். அதன் நுனி பனியிற் சிக்கினால், சிறு விசையும் காலெலும்பின்மேற் பெருமுறுக்காகச் சென்று சேரும். அம்முறுக்கு எலும்பு தாங்கும் அளவை எட்டுமுன் கட்டு திறக்க வேண்டும். சற்று முந்தித் திறந்தாலோ, வேகமாக இறங்கும் ஒருவர் காரணமின்றிப் பலகையை இழந்து பாறையில் மோதக்கூடும். இவ்விரண்டு கேடுகளுக்கும் இடையிலுள்ள வழி ஒடுக்கமானது.

அவ்வழியைக் காண உலகநாடுகள் ஏற்றுக்கொண்ட தர அளவு ஒன்று உண்டு. சறுக்குபவரின் நிறை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், அவர் சறுக்கும் வேகமும் திறமும் ஆகிய ஐந்தையும் கொண்டு ஓர் எண்ணை அட்டவணையிற் காண்பர். 9 வயதுக்கு மேற்படாத குழந்தைகளுக்கும் 50 வயதை எட்டியவர்களுக்கும் எலும்பைக் கருதி ஒருபடி குறைப்பர். ஐம்பதைக் கடந்த என்போன்ற ஆசிரியர்களையும் அவ்வட்டவணை குழந்தைகளோடு ஒருங்கே வைத்துக் காப்பது மகிழ்ச்சிக்குரியதே! ஆனால் எண்ணைக் கட்டிற் குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்று கொள்ளலாகாது. தேய்ந்த வில், அழுக்கேறிய பொறி, பொருந்தாத காலணி ஆகியவற்றால் எண் ஒன்றாகவும் உண்மை விசை வேறொன்றாகவும் இருக்கலாம். அதனாலேயே கடைகளிலுள்ள பயிற்சி பெற்றோர் முறுக்களக்கும் கருவியாற் கட்டைத் திறக்கச் செய்து, உண்மையில் எவ்விசையில் அது விடுகின்றது என்று சோதிப்பர். அக்கருவி வீட்டில் இராது. கண்ணாற் பார்த்தோ கையால் அசைத்தோ அறியக்கூடிய செய்தியும் அன்று அது.

இங்கே பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை வளர்கிறது, நிறை கூடுகிறது, காலணி மாறுகிறது. சென்ற ஆண்டு அண்ணனுக்கு அளந்து பூட்டிய கட்டு இவ்வாண்டு தம்பிக்குப் பொருந்தாது. அண்ணனின் நிறைக்கு அமைத்த கட்டு, தம்பி விழும்போது திறவாமல் நிற்கும்; அப்போது விடுவது கட்டாக இராது, எலும்பாகவே இருக்கும். அவ்வாறே, கட்டு அடிக்கடி கழன்றுவிடுகின்றது என்று பிள்ளை முறையிட்டால், திருப்புளியை எடுத்து எண்ணை உயர்த்திவிடுவதும் தவறு. காலணியின் அடியிற் பனி ஒட்டியிருக்கலாம், நீளம் பொருந்தாதிருக்கலாம். காரணத்தைக் கண்டபின்பே மாற்றத்தை நாட வேண்டும். பழைய பலகையை மலிவாக வாங்குவதிற் குற்றமில்லை. கடையிற் சோதிப்பதற்குரிய சிறுதொகையை அம்மலிவின் ஒரு பகுதியாகவே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

தம் கையால் ஒன்றைச் செய்து முடிப்பது மனிதனுக்குப் பெருமை தருவது. அந்நிய நாட்டிற் குளிர்கால இரவொன்றில், தந்தை பலகையைப் பிடிக்க மகள் நடுக்கோடு வரைவதும், தாய் பக்கத்தில் நின்று அலகு நேராக நிற்கின்றதா என்று சொல்வதும், கடையிற் பெறும் எந்தப் பொருளினும் இனியவை. அவ்வேலையில் அளவு உண்டு, கணிதம் உண்டு, மரத்தின் இயல்பும் நீரின் இயல்பும் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்துப் பாடங்கள் பல அச்சிறு துளையிற் கூடி நிற்கின்றன. ஆயினும் கைத்திறமையின் எல்லை எது, கருவியின் உதவி தொடங்கும் இடம் எது என்று அறிவதும் திறமையின் ஒரு கூறே. இறுகப் பிடிப்பதைக் கை செய்யலாம். எப்போது விடவேண்டும் என்பதை அளந்தே அறிய வேண்டும். கடல் கடந்து வாழும் உங்கள் மக்களோடு அடுத்தமுறை பேசும்போது, பேரப்பிள்ளையின் கட்டை இவ்வாண்டு சோதித்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பனியைக் காணாத நாமும் அப்பிள்ளையின் காலைக் காப்பதிற் பங்குகொண்டவர்கள் ஆவோம்.